ஒட்டிய பெட்டியைத் திறப்பதில்லை

அன்று மதியம் அக்கா தன் எண்ணை ஒட்டவில்லை. தங்கையின் எண்ணை ஒட்டினாள்.

சட்டைக் கம்பெனியின் செக்கிங் மேஜையில் ஒவ்வொருத்திக்கும் ஓர் எண் உண்டு. பார்த்து முடித்த சட்டையின் காலருக்கு உள்ளே, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிற்பாடு குறை ஏதாவது தெரியவந்தால் யார் தலையை உருட்டுவது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அக்காவின் எண் பதினேழு. தங்கையின் எண் இருபத்து மூன்று.

"நீ போயிட்டு வாடி. உன் சட்டைக் கட்டை நான் பார்த்துடறேன்" என்று சொல்லி, தங்கையின் ஸ்டிக்கர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் அக்கா.

அவள் இடக்கைக்காரி. மற்றவர்களெல்லாம் தாளின் மேல் வரிசையிலிருந்து உரித்துக்கொண்டு வந்தால், அவள் கீழ் வரிசையின் கோடியிலிருந்து மேலே ஏறுவாள். பக்கத்தில் இருப்பவள் கேலி செய்தால், "எங்கேருந்து உரிச்சாலும் ஒட்டுதா இல்லையா?" என்பாள்.

கம்பெனி முற்றத்தில் அன்று பரிசோதனை வேன் நின்றிருந்தது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று பெண்களுக்குப் பார்க்கிற வேன். பத்துப் பத்துப் பேராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"நீ வரலையாக்கா?"

"எனக்கென்னடி, ஏழு வருஷம் முன்னாடியே பார்த்து, ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பாஸ் போட்டு டேப் ஒட்டின பெட்டி நான். ஒட்டின பெட்டியைத் திறக்கற வழக்கம் நம்ம கம்பெனியிலேயே கிடையாது."

மேஜை முழுக்கச் சிரித்தது.

தங்கை முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"வலிச்சுதா?"

"இல்ல."

"அவ்வளவுதான்டி. இதுக்குப் போய் ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே" என்று சொல்லி அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்கு அப்புறமும் எத்தனையோ நாட்கள் சும்மா விடிந்து சும்மா முடிந்திருக்கும். ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால், கடைசியாக ஒழுங்காக இருந்த நாள் என்று அந்த ஒன்றுதான் தங்கையின் கண்ணுக்குத் தெரிகிறது.

*

போன வார அத்தியாயத்தைத் தவறவிட்டவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். வயது முப்பத்தெட்டு ஆகியும் பெயர் பெரிதாகவில்லை. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடம் எழும்புகிற ஊரெல்லாம் அவனுக்குச் சொந்த ஊர், வீட்டுக்குத்தான் விருந்தாளி. இந்தத் தடவை வந்து பதினொரு நாள் ஆகிறது. இன்று சாயங்கால ரயிலில் நாலு மாத வேலைக்குக் கிளம்புகிறான்.

அக்கா போய் எட்டு மாதம் ஆகிறது. முதலில் அவ்வப்போது ரத்தம் பட்டபோது, "நிக்கப் போற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று அக்காவே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. "ரெண்டு வருஷம் முன்னாடி பார்த்திருந்தா, அநேகமா அன்னிக்கே சின்னதா ஒரு வைத்தியம் பண்ணி வீட்டுக்கு அனுப்பியிருப்போம்" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதைத் தாங்க முடியவில்லை.

கடைசி வாரத்தில் அக்கா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீயாவது அன்னிக்குப் போயிட்டு வந்தியே. அது போதும்டி எனக்கு."

சின்னவள் தலையை ஆட்டினாள்.

மூன்று வருஷம் கழித்து இன்று அந்த வேன் மறுபடி வருகிறது.

*

"என் மூணாவது பனியன் எங்க?"

"கொடியில. காஞ்சிருக்கும், எடுத்துக்கங்க."

சின்னவள் டிபன் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து மறுபடி மூடினாள். காலையிலிருந்து எதைத் தொட்டாலும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. அணைத்த காஸ் அடுப்பை மறுபடி போய்ப் பார்த்தாள். வாரின தலையை அவிழ்த்து வாரினாள்.

அவன் ஷேவிங் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். பழைய செய்தித்தாளில் சுற்றின பொட்டலம். மூன்று தெரு தள்ளி, முகம் தெரியாத மருந்துக் கடையில், கடைக்காரன் கண்ணைப் பார்க்காமல் அவள் வாங்கி வந்த ஆணுறை. அவன் வந்த அன்றைக்கு அதை அந்தப் பைக்குள் வைத்தாள். அன்றிலிருந்து இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள்.

"இதை நீயே வச்சுக்க."

"நீங்க எடுத்துட்டுப் போங்க."

"எடுத்துட்டுப் போனா, அங்க எவளையோ வச்சிருக்கேன்னு அர்த்தமாயிடும்."

"வச்சுட்டுப் போனா?"

"வச்சுட்டுப் போனா, நான் போனப்புறம் நீ யாருக்கு..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"எடுத்தாலும் தப்பு, வச்சாலும் தப்பு. உங்க லிஃப்ட் மாதிரி ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுக்கிட்டு கதவைத் தட்டறீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். பிறகு பார்வையைப் பைமேல் வைத்துக்கொண்டு கேட்டான்.

"இன்னிக்கு அந்த வேன் வருதுன்னு சொன்னியே. போகப் போறியா?"

"போகணும்."

"ஏதாவது இருக்குன்னு வந்தா... யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்லிடுவாங்களா?"

சின்னவள் நிமிர்ந்தாள். அவன் கருவிப் பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். ஏற்கனவே இறுகியிருந்த வார் அது.

"ஏங்க, என்னைப் பத்திக் கேக்கறீங்களா, உங்களைப் பத்திக் கேக்கறீங்களா?"

"சும்மா கேட்டேன். ஒரு பேச்சுக்கு."

வீட்டுச் சாவி ஒன்றுதான். மற்றொன்று தொலைந்து மாசக்கணக்காகிறது. பூட்டிவிட்டு ஐந்தரைக்குக் கம்பெனி கேட்டில் வந்து கொடுப்பதாகச் சொன்னான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், டிபன் டப்பாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவன் மேஜையருகே நின்று அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

செக்கிங் ஹாலில் ஆறு மேஜைகள். ஒவ்வொன்றின் மேலும் குழல் விளக்கு தாழத் தொங்கும். சட்டையை விரித்து, காலர், தோள், கைமடிப்பு, பித்தான் பட்டி, அடிமடிப்பு என்று கண் ஒரு சுற்று சுற்றி வர ஒரு நிமிடம். நூல் பிசிறு இருந்தால் கத்தரி. கறை இருந்தால் அதைக் காட்ட மஞ்சள் அம்பு. சரியாக இருந்தால் ஸ்டிக்கர். அங்கிருந்து மடிப்பு, மடிப்பிலிருந்து பெட்டி. பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டால் அப்புறம் முதலாளியே வந்தாலும் திறப்பதில்லை.

டேப் ஒட்டுகிறவள் அக்காவின் மகள். இருபது வயது. துப்பாக்கி மாதிரி இருக்கிற டேப் கருவியை அவள் இழுக்கும் 'கிர்ர்ர்' சத்தம் ஹால் முழுக்கக் கேட்கும். அதனால் எல்லோருக்கும் அவள் டேப்பு.

இன்று அவள் கையில் கருவி இல்லை, பட்டியல் இருந்தது. வேனுக்குப் பத்துப் பத்துப் பேராகக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பைச் சூப்பர்வைசரிடம் அவளே கேட்டு வாங்கியிருந்தாள். ஏன் கேட்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த மைக் (அவள் ரகசியம் பேசினால் வாசல் காவல்காரருக்குக் கேட்கும்) ஆரம்பித்தாள். "வேன்ல ஏசி இருக்காமே! நான் ரெண்டு தடவை போறதா இருக்கேன்."

"ரெண்டாவது தடவை பார்க்க உள்ள என்ன இருக்கு உனக்கு?" என்றாள் இன்னொருத்தி.

"எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள் கடைசி மேஜைப் புதுப்பெண்.

டேப்பு உடனே சொன்னாள்: "என்ன பயம்? எங்க சித்தியைப் பாருங்க. மூணு வருஷம் முன்னாடியே ஜம்முனு போயிட்டு வந்தவங்க. இன்னிக்கு ரெண்டாவது தடவை. சித்தி, நீ சொல்லேன், வலிக்கவா செஞ்சுது?"

எல்லாத் தலைகளும் சின்னவள் பக்கம் திரும்பின.

"இல்ல" என்றாள் சின்னவள். அவள் கையிலிருந்த சட்டையில் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தது. உரித்து மறுபடி ஒட்டினாள்.

பதினோரு மணிக்கு அவள் முறை வந்தது. மைக் அவள் சட்டைக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போயிட்டு வாடி, நான் பார்த்துக்கறேன்."

சின்னவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

*

வேனுக்கு வெளியே ஒரு மடக்கு மேஜை. அதன் பின்னால் நர்ஸம்மா, நரைத்த தலை, காதில் பேனா. முன்னால் இரண்டு நோட்டுகள், ஒன்று புதுசு, ஒன்று அட்டை கிழிந்தது.

"நம்பர்?"

"இருபத்து மூணு."

"முதல் தடவையா?"

"ரெண்டாவது நர்ஸம்மா" என்றாள் டேப்பு முந்திக்கொண்டு.

நர்ஸம்மா பழைய நோட்டைப் புரட்டினார். விரலை வைத்து இறங்கினார். ஓர் இடத்தில் நின்றார்.

"இல்லையே. பேர் எழுதியிருக்கேன், வரலைன்னு கோடு போட்டிருக்கேனே."

"வேற யாராவது இருக்கும். இவங்க எங்க சித்தி. நல்லாப் பாருங்க."

"இருபத்து மூணுதானே? மூணு தடவை கூப்பிட்டேன்னு பக்கத்துல குறிச்சே வச்சிருக்கேன்."

டேப்பு நோட்டைப் பார்த்தாள். பிறகு சித்தியைப் பார்த்தாள். சித்தி இல்லை என்று சொல்வாள் என்று ஒரு கணம் காத்திருந்தாள். சின்னவள் வேனின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"எங்க போனீங்க?" என்றாள் டேப்பு.

பிறந்ததிலிருந்து 'நீ, வா, போ' என்று பேசுகிற பெண்.

"சைக்கிள் ஸ்டாண்டுக்கு."

"முக்கால் மணி நேரம்?"

"ம்."

"ஏன்?"

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "பாவாடை கிழிஞ்சிருந்துச்சு."

"என்னது?"

"உள்பாவாடை. தையல் விட்டு, ரெண்டு இடத்துல ஊக்கு மாட்டியிருந்தேன். படுக்கச் சொல்லுவாங்கன்னு படிகிட்ட வந்தப்புறம்தான் உறைச்சுது. யாராவது பார்த்தா..."

நாள் முழுக்க அடுத்தவர் தையலில் குறை பொறுக்குகிற கண்ணுக்கு, தன் தையல் இன்னொரு கண்ணில் படுவதைத் தாங்க முடியாது. இதை மேஜைக்காரிகளிடம் சொன்னால் புரியும். அம்மாவை இழந்த பெண்ணுக்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை.

"அந்த நேரத்துல எங்கம்மா உங்க சட்டையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

"ஆமா."

"நீங்க ஓடிப் போயிட்டீங்கன்னு தெரிஞ்சிருந்தா, சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பாங்க. படி வரைக்கும் வந்தவங்க அவங்களும் உள்ள போயிருப்பாங்க."

இந்த வாக்கியம் சின்னவளுக்குப் புதுசில்லை. எட்டு மாதமாகப் பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அவளுக்குள் ஓடுகிற வாக்கியம்தான். இன்றைக்குத்தான் இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்கிறாள்.

"நான் அப்புறமா வரேன் நர்ஸம்மா" என்று திரும்பினாள்.

டேப்பு குறுக்கே வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும் அவள் அம்மாவுடையது.

"எங்க போறீங்க? உள்ள போங்க. நான் இந்தப் படியிலேயே நிப்பேன். நீங்க உள்ள போறதை யாராவது ஒருத்தர் கண்ணால பார்க்கணும்."

*

உள்ளே ஏசி இருந்தது. மைக் சொன்னது சரிதான்.

குறுகலான கட்டில், ஒரு திரை, வளைகிற கழுத்துள்ள விளக்கு. சின்னவள் புது உள்பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்தாள். போன வாரமே வாங்கி, ஒரு தடவை துவைத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது.

"வெளிய பேசினது காதுல விழுந்துச்சு" என்றார் நர்ஸம்மா கையுறை மாட்டிக்கொண்டே. "இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன். ஒருத்தி பாவாடைகூட எனக்கு ஞாபகம் இல்லம்மா. காலைத் தளர விடு. மூச்சை மெதுவா இழு."

கனமாக அழுத்துகிற மாதிரி இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. பிறகு சில்லென்று ஏதோ பட்டது.

"மருந்து தடவியிருக்கேன். ஒரு நிமிஷம் பொறுக்கணும். மாற்றம் இருந்தா அந்த இடம் வெள்ளையாத் தெரியும்."

ஒரு நிமிடம் என்பது ஒரு சட்டை. சின்னவள் கண்ணை மூடி, மனசுக்குள் ஒரு சட்டையை விரித்தாள். காலர் முனை இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா? தோள் தையல்? இடது கைமடிப்பு, வலது கைமடிப்பு. பித்தான் ஒன்று, இரண்டு, மூன்று... ஏழாவது பித்தானுக்கு வந்தபோது விளக்கின் கழுத்து நகர்வது கேட்டது. அடிமடிப்பு முடிந்தது. ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய நேரம்.

நர்ஸம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தைச் சின்னவள் அறிவாள். குறையைக் கண்ட செக்கர், ஒருவேளை விளக்கு நிழலாக இருக்குமோ என்று இன்னொரு தரம் பார்க்கும்போது வருகிற மௌனம் அது.

"எழுந்துக்கம்மா. உடுத்திக்கிட்டு உக்காரு, சொல்றேன்."

சொன்னார். சின்னதாக ஓர் இடம் வெள்ளையாகத் தெரிகிறது. இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் இருக்காது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் பெரிய லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அந்த இடத்துக்கு மட்டும் வைத்தியம். முற்றுவதற்கு முன்னால் பிடித்துவிடத்தான் இந்த வேன்.

"எதனால வருது?"

"ஒரு வைரஸ். தாம்பத்தியம் இருக்கற முக்கால்வாசிப் பேருக்கு எப்பவாவது ஒட்டும். நிறைய பேருக்குத் தானாப் போயிடும். சிலருக்குப் போகாம வருஷக்கணக்காத் தங்கி, மெதுவா வேலையைக் காட்டும்."

"யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு..."

"எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இருபது வருஷத்துக்கு முந்தி வந்ததாக்கூட இருக்கும். கட்டினவரைத் தவிர வேற முகம் பார்க்காதவங்களுக்கும் இருக்கு. திருடனைப் பிடிக்கற மாதிரி ஆளைத் தேடாதே. உறை போட்டுக்கிட்டா ஆபத்து குறையும், முழுக்கப் போகாது. அதனாலதான் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நாங்க வண்டியைத் தூக்கிக்கிட்டு வர்றது."

"ஒரு தடவை பார்த்து ஒண்ணுமில்லைன்னு பாஸ் பண்ணிட்டா?"

"அன்னிக்குப் பாஸ். அவ்வளவுதான்."

சின்னவள் சீட்டை வாங்கி நாலாக மடித்தாள்.

"வெளிய நிக்குதே, அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு? இருபதா? இந்தப் பரிசோதனைக்கு இன்னும் வயசாகல. ஆனா தடுப்பூசி இருக்கு. வியாழக்கிழமை கூட்டிட்டு வா, டாக்டர்கிட்டே பேசலாம். ஊசி போட்டாலும், முப்பது வயசானதும் இந்தக் கட்டில்ல படுக்கத்தான் வேணும்னு அதுக்குச் சொல்லி வை."

*

டேப்பு சொன்னபடி படியிலேயே நின்றிருந்தாள். வெயில் ஏறியிருந்ததால் பட்டியலைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள்.

"ஆச்சா?"

அதே வார்த்தை. சின்னவளின் வாய்க்குள் பதிலும் தயாராக இருந்தது. 'ஆச்சு' என்று மட்டும் சொன்னால் பொய்யுமில்லை. மேஜைக்குப் போய் உட்கார்ந்துவிடலாம்.

சீட்டை நீட்டினாள்.

"வெள்ளையா ஓரிடம் தெரியுதாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அதுவா இருக்காதுன்னு சொன்னாங்க. ஆனா பார்க்கணுமாம்."

டேப்பு சீட்டை வாங்கிப் படித்தாள். திருப்பி, பின்பக்கம் ஒன்றுமில்லாததையும் படித்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"நானும் வருவேன்."

"உனக்கு லீவு குடுக்க மாட்டாங்க."

"லீவு கிடக்கு. உன்னை நம்பி அனுப்ப முடியாது. ஆஸ்பத்திரி வாசல்லயும் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு இருக்கும்."

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, இருமலாக முடிந்தது.

"மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே சித்தி" என்றாள் டேப்பு. பட்டியலைப் பிரித்து, கட்டைத் தொண்டையில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

*

ஐந்தரைக்கு அவன் கேட்டில் நின்றிருந்தான். தோளில் துணிப்பை, காலடியில் கருவிப் பை. சாவியை நீட்டியபடியே, "பால்காரன்கிட்டே சொல்லிட்டேன். பின் ஜன்னலைச் சாத்தியாச்சு" என்றான். பிறகு பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு, "அதை எடுத்துக்கிட்டேன்" என்றான்.

"எதை?"

"அதான். மேஜைமேல இருந்ததை."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னாள். நர்ஸம்மா சொன்ன வரிசையிலேயே, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவன், அவள் நிறுத்தியதும் ஒரே வார்த்தை கேட்டான்.

"என்னாலயா?"

"யாருக்கும் தெரியாதாம். ஆளைத் தேடாதேன்னாங்க."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். கல்யாணத்துக்கு முந்தினதாக்கூட இருக்கலாமாம்."

அவன் முகத்தில் ஏதோ ஓடி நின்றது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மாடி உயரத்தில் கயிற்றில் தொங்குகிறவன், தரையில் நிற்கும்போது பிடிமானம் தேடினான்.

"ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. ரொம்ப நாளா..."

ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தினான். "சார், ரயில் உங்களுக்கு நிக்காது."

"போயிட்டு வந்து சொல்றேன்."

"எப்ப வந்து? நாலு மாசம் கழிச்சா?"

அவன் ஆட்டோவில் ஏறிக்கொண்டான். ஆட்டோ திரும்பும்போது அவன் தலை மட்டும் பின்னால் திரும்பியிருந்தது.

சின்னவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஹாலுக்கு நடந்தாள். பாதி தூரத்தில் காவல்காரர் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் பையை விட்டுட்டுப் போயிட்டாரே!"

கருவிப் பை கேட்டின் ஓரமாக நின்றிருந்தது. வாரின் கொக்கி திறந்து கிடந்தது. பதினெட்டு வருஷத்தில் அந்தப் பையை அவன் ஒரு தடவைகூட மறந்ததில்லை. ஸ்பேனர் இல்லாத லிஃப்ட் மெக்கானிக் எந்த ஊருக்குப் போய் என்ன செய்வான்?

அவள் தெருவைப் பார்த்தாள். ஆட்டோ கண்ணுக்கு மறைந்திருந்தது.

*

வேன் வந்த நாள் என்பதால் வேலை பின்தங்கியிருந்தது. ஏழு வரை இருந்து முடித்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். சின்னவள் கருவிப் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலை ஆட்டும்போதெல்லாம் உள்ளே இரும்பு கிணுகிணுத்தது.

"நான் பார்த்ததெல்லாம் தனியா வச்சிருக்கேன்" என்றாள் மைக். "உன் நம்பரை ஒட்டலடி. என் நம்பரையே ஒட்டிட்டேன். பரவாயில்லைதானே?"

"நல்லதாப் போச்சு."

தூரத்தில் 'கிர்ர்ர்' என்று டேப் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நாலு சட்டை பார்த்து முடித்தபோது ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது. புதுத் தாள் இருக்கிறதா என்று மேஜை இழுப்பறையைத் திறந்தாள். கத்தரி, அளவு நாடா, உடைந்த பித்தான்கள். அவற்றுக்கு அடியில் பழுப்பேறின ஒரு தாள். இருபத்து மூன்று, இருபத்து மூன்று என்று அச்சடித்த தாள். மூன்று வருஷத்துக்கு முந்தி, 'ஆச்சு' என்று சொன்ன கையோடு, அதற்கு மேல் உரிக்க மனமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டது.

வெளியே எடுத்து விளக்கின் கீழ் வைத்துக்கொண்டாள்.

இழுப்பறையை மூடிவிட்டு, சூப்பர்வைசரிடம் தன் எண்ணில் புதுத் தாள் ஒன்று கேட்டு வாங்கி, மேல் வரிசையின் முதல் ஸ்டிக்கரை உரித்தாள். பழைய தாள் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அதில் மேலே மூன்று வரிசை அவள் உரித்தது. கீழே நான்கு வரிசை, கோடியிலிருந்து மேல்நோக்கி, அக்கா உரித்தது. நடுவில் இரண்டு வரிசை அப்படியே இருந்தன.